அச்சு பொய், வார்ப்பு மெய்: மாய உலகில் செய்த வினைக்கு யார் பொறுப்பு?

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் ஒரு கணத்துக்காகவே நான் தூங்காமல் காத்திருப்பேன். துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவர் பாஞ்சாலியின் சேலையைத் தொடுவதற்கு முன் சற்று நிற்பார். சூடம் ஏற்றப்படும். வேடத்தோடே அம்மனைக் கும்பிட்டு, செய்யப்போகிற காரியத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுவார். அதன் பிறகுதான் கை சேலைக்குப் போகும். பாஞ்சாலியாக நிற்பவர் ஓர் ஆண் என்பது முன்வரிசையில் தூங்கி வழியும் குழந்தைக்குக்கூடத் தெரியும். யாருக்கும் எந்தத் தீங்கும் நடக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் மன்னிப்புக் கேட்கப்படுகிறது.

எதற்கு இந்த மன்னிப்பு? உண்மையல்லாத ஓர் உலகத்தில் செய்த செயலுக்குச் செய்தவர் பொறுப்பாவாரா? இந்தக் கேள்வியை இன்று விடாமல் கேட்பவை தொலைக்காட்சித் தொடர்கள். கணினிக்குள் கட்டிய உலகத்தில் ஒரு பாத்திரம் கொலை செய்கிறது, பிறகு விழித்துக்கொள்கிறது. அந்தப் பழி விழித்த பிறகும் அதைத் தொடருமா? கேட்கும் கருவி புதிது. கேள்வி நமக்குப் பழையது. மணிமேகலையும் அகலிகை கதையும் ஞானவாசிட்டமும் இதே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, எந்தப் பதில் எதுவரை தாங்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தொடங்கும்போதே ஒரு மறுப்பு எழும். பாத்திரம் என்பதே கற்பனை. எழுதியவர் சொன்னபடி நடப்பதற்கு ஏது பொறுப்பு? உண்மைதான், எந்தப் பாத்திரத்தையும் நாம் சிறையில் அடைக்கப்போவதில்லை. ஆனால் கோவலன் கொலைக்குப் பாண்டியன் எவ்வளவு பொறுப்பு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நாம் வழக்காடி வருகிறோம். நம்முடைய நீதி உணர்வைத் தீட்டிப் பார்க்கும் கல்லாகவே கதாபாத்திரங்கள் இருந்துவந்திருக்கின்றன. அவர்களை எப்படித் தீர்ப்பிடுகிறோமோ, அப்படித்தான் அடுத்த வீட்டாரையும் தீர்ப்பிடுவோம்.

கையில் விளக்கு இருந்ததா?

முதலில் மெய்யாகவே ஏமாந்தவர்கள். மணிமேகலையில் காஞ்சனன் என்ற விஞ்சையன் வருகிறான். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வாடிய மனைவி காயசண்டிகையைத் தேடிப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் புகாருக்கு வருகிறான். அங்கே அரசகுமாரன் உதயகுமாரனுக்குத் தப்புவதற்காக மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுத்திருக்கிறாள். தன் மனைவி தன்னை விட்டு அரசகுமாரனோடு பேசி நிற்கிறாள் என்று காஞ்சனன் நம்புகிறான். அன்று நள்ளிரவில் அங்கே வந்த உதயகுமாரனை வாளால் வெட்டிவிடுகிறான். அவன் கண்முன் இருந்த உலகம் பொய். அவன் கொன்ற உடலோ மெய்.

அப்போது தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை பேசுகிறது. உதயகுமாரனின் சாவு அவனுடைய பழைய வினையின் விளைவு என்று சொல்லும் பாவை, அதற்காகக் காஞ்சனனை விட்டுவிடுவதில்லை. நீ செய்த கொடுவினை உன்னையும் வந்து சேரும் என்கிறது. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் வகுக்கும் இந்தக் கணக்கு மிக நுட்பமானது. ஒரு நிகழ்ச்சிக்கு வேறு காரணங்கள் இருப்பதால் செய்தவனின் பங்கு குறைந்துவிடாது. உருவம் ஏமாற்றியது, வெட்டச் சொன்னது அவனுடைய சினம்.

சிலம்பின் பாண்டியனும் பொய்யான ஒரு கதைக்குள் அகப்பட்டவன். பொற்கொல்லன் கட்டிய அந்தக் கதையில் கோவலன் கள்வன். ஆனால் மன்னனிடம் காவலர் இருந்தார்கள், அவை இருந்தது, நேரம் இருந்தது. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று அன்றே பார்த்திருக்கலாம். அந்த விசாரணை ஓர் உயிர் போன பிறகு நடந்தது. உண்மை தெரிந்த கணத்தில் அவன் பொற்கொல்லன் மேல் பழியைத் தள்ளவில்லை. தானே கள்வன் என்று ஏற்று அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்டான்.

இதே கோட்டைச் சட்டமும் பிடித்திருக்கிறது. 1958இல் ஒடிசாவில், ரசகோவிந்தபூரின் கைவிடப்பட்ட விமானத்தளத்தில், இரவில் அசையும் வெளிச்சத்தைக் கண்ட ஒருவர் பேய்கள் ஆடுகின்றன என்று நம்பிக் கத்தியோடு பாய்ந்தார். அங்கே இருந்தவர்கள் அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப்பூ பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒரு பெண் இறந்தார். வேறு சிலர் காயப்பட்டனர். கையில் டார்ச் இருந்தும் பாய்ந்தவர் அடித்துப் பார்க்கவில்லையே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அவருடைய நம்பிக்கை உண்மையானது, நல்லெண்ணத்தோடு செய்தார் என்று கொண்டு ஒரிசா உயர்நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. அன்று அதற்கு இடம் தந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 17ஆம் பிரிவு. நல்லெண்ணம் என்பதற்கும் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது: உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாத நம்பிக்கை நல்லெண்ணம் ஆகாது.

ஆக, ஏமாந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, உன் உலகம் மெய்யா பொய்யா என்பதைவிட, உன் கையில் விளக்கு இருந்ததா என்பதே. பேய்ப் பயத்தில் உறைந்தவருக்கு டார்ச்சை அழுத்தத் தோன்றாமல் போகலாம். அரியணையில் இருந்தவனுக்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

அகலிகை: ஒரே கதை, பல தீர்ப்பு

மாய உருவை வைத்து நம் நாட்டில் மிகுதியாகத் தீர்ப்பு எழுதப்பட்டது அகலிகைமேல்தான். வால்மீகியின் அகலிகை, முனிவர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இசைகிறாள். கம்பனில் அவள் இடையில் உணர்கிறாள், உணர்ந்தும் விலகவில்லை. அதே கம்பன், சாபம் நீங்கிய பின் விசுவாமித்திரன் வாயால், அவள் நெஞ்சால் பிழைசெய்யாதவள், ஏற்றுக்கொள் என்று அவள் கணவன் கௌதமனிடம் சொல்லவைக்கிறான். இந்த இரண்டு இடங்களையும் ஒட்டவைக்க உரைகாரர்கள் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒட்டாமையே உண்மையாகப் படுகிறது. மாயைக்குள் அகப்பட்டவரின் அறிவு விளக்கைப் போல ஒரே நொடியில் எரிவதோ அணைவதோ இல்லை. தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு மங்கல் வெளிச்சம் உண்டு. அந்த வெளிச்சத்தில் செய்ததற்கு முழுப் பழியும் பொருந்தாது, முழு விடுதலையும் பொருந்தாது.

இந்தக் கதையை இன்னும் ஒருபடி கொண்டுபோனவர் புதுமைப்பித்தன். அவருடைய இயற்பெயரே விருத்தாசலம். 1906இல் பிறந்ததும் இன்றைய கடலூர் நகரத்துத் திருப்பாதிரிப்புலியூரில். 1943இல் வந்த ‘சாப விமோசன’த்தில், கல் பெண்ணான பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறார். கணவன் மன்னித்துவிட்டான். அகலிகைக்குத் தன்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. எதிரில் யார் வந்தாலும் உண்மையானவர்தானா என்ற நடுக்கம். பேசும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கும் பயம். பொறுப்பு யாருடையது என்று மற்றவர்கள் முடிவுகட்டிய பிறகும், மாயைக்குள் இருந்துவந்தவருக்கு விசாரணை முடிவதில்லை என்பதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாக வேறெவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இக்கதையின் கடைசிக் காட்சிக்குப் பிறகு திரும்புவோம்.

உலகத்தோடு ஆளும் மாறினால்

இரண்டாவது நிலை இன்னும் கடினம். இங்கே ஆள் ஒரு பொய் உருவத்தைக் கண்டு ஏமாறுவதில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதும் மாற்றி எழுதப்படுகிறது. வீரை ஆளவந்தார் தமிழில் தந்த ஞானவாசிட்டத்தில் இத்தகைய கதைகள் உண்டு. லவணன் என்ற அரசனின் அவைக்கு ஓர் இந்திரசாலக்காரன் வந்து மயிற்பீலிக் கற்றையை வீசுகிறான். அந்தச் சில கணங்களுக்குள் அரசன் காட்டுக்குள் போய், விலக்கிவைக்கப்பட்ட குடியொன்றில் மணம்செய்து, பிள்ளை பெற்று, அறுபது ஆண்டு வாழ்ந்துவிடுகிறான். பஞ்சம் வருகிறது. பசித்த பிள்ளைக்குத் தன் உடலையே உணவாக்கத் தீயில் இறங்குகிறான். கண் விழித்தால் அதே அரியணை. மறுநாள் அந்தக் காட்டைத் தேடிப் போகிறான். அங்கே மாண்டுபோன குடும்பத்துக்காக ஒரு கிழவி அழுதுகொண்டிருக்கிறாள். கனவில் பட்ட கடன் விழிப்பிலும் காத்திருந்தது.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2013 முதல் 2020 வரை ஓடிய ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு’ தொடரின் நான்காம் பருவம் ஏறக்குறைய இதே கேள்வியைக் கணினிக்குள் வைத்தது. ‘ஃபிரேம்வொர்க்’ என்னும் செயற்கை உலகத்துக்குள் அடைபட்டவர்களுக்குப் பழைய நினைவு இராது. ஒவ்வொருவர் வாழ்விலிருந்தும் ஒரு வருத்தம் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். விஞ்ஞானி ஃபிட்ஸ் வெளியுலகில் தகப்பன் விட்டுப்போன பிள்ளை; மென்மையானவன். உள்ளே அந்தத் தகப்பன் கூடவே இருந்து வளர்க்கிறான். ஃபிட்ஸ் சித்திரவதை செய்யும் கொடியவனாகிறான். ஆக்னஸ் என்ற பெண்ணைச் சுட்டுக் கொல்கிறான். அவளுக்கு வெளியே உடல் இல்லை, அந்த உலகத்தில்தான் உயிர்வாழ்ந்தாள் என்பதால் அந்தச் சாவு வெறும் காட்சி ஆகாது. விழித்தெழுந்த ஃபிட்ஸ் குற்ற உணர்வால் நொறுங்குகிறான். அது நீ இல்லை என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

ஆறுதல் சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பிறப்பையும் வளர்ப்பையும் நினைவையும் ஒருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, எஞ்சியவரை அவர்தான் என்று சொல்லித் தண்டிப்பது அநீதி. ஆனால் ஃபிட்ஸ் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைதான் உதவியது.

கொலு பொம்மை செய்யும் பட்டறையில், கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் சுவரோரம் மண் படிந்து இறுகும். உள்ளே மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று உலர்ந்ததும் அச்சைப் பிரித்தால் பொம்மை. அச்சு சூளைக்குப் போவதில்லை. அது தந்த வடிவம் மட்டும் மண்ணில் தங்கி, நெருப்பில் நிலைபெறுகிறது. ஃபிட்ஸுக்கு நேர்ந்ததும் இதுதான். 2017–18இல் வந்த ஐந்தாம் பருவத்தில், எந்த மாய உலகமும் இல்லாத வெளியில், அதே கொடியவன் அவனுக்குள்ளிருந்து எழுகிறான். தோழி ஒருத்தியின் உடலில் அவள் சம்மதமில்லாமல் கத்தி வைக்கிறான். அச்சு உடைந்துவிட்டது, வார்ப்பு நின்றது.

ஆகவே இந்த நிலையில் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. மாய உலகுக்குள் நடந்ததற்கான பழியை அவர்மேல் ஏற்றக்கூடாது. தனக்குள் என்ன வார்க்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு அதைக் கவனிக்கும் கடமை, விழித்த கணத்திலிருந்து அவருடையது. பழி வேறு, கடமை வேறு. இந்த வேறுபாட்டைத் தவறவிடும்போதுதான் ஒருபுறம் கொடூரமான தண்டனையும் மறுபுறம் வசதியான மறதியும் வருகின்றன.

ஞானவாசிட்டத்தின் இன்னொரு கதையான காதியின் கதை நமக்குச் சொல்வது இதைவிடக் கசப்பானது. நீராடப்போன ஓர் அந்தணன் மாயையில் ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்து, பிறகு ஒரு நாட்டுக்கு அரசனாகி எட்டு ஆண்டு ஆள்கிறான். பிறப்பு வெளிப்பட்டதும் அவன் கையால் ஆளப்பட்டோமே என்று மக்கள் தீயில் விழுகிறார்கள். இன்று படிக்கையில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அத்தனை உயிரையும் கொன்றது காதிக்குக் காட்டப்பட்ட மாயை இல்லை. பிறப்பால் தீட்டு உண்டு என்று அந்த ஊர் விழித்த கண்ணோடு நம்பிக்கொண்டிருந்த மாயை. அந்த அச்சை இன்னும் நாம் உடைத்துத் தீரவில்லை.

பொய் என்று தெரிந்தே

மூன்றாவது நிலையில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘ஹோலோடெக்’ அறையில் கப்பல் ஊழியர்கள் விரும்பிய உலகத்தை வரவழைத்து விளையாடினார்கள். 2016இல் எச்பிஓ வெளியிட்ட ‘வெஸ்ட்வேர்ல்டு’ பூங்காவுக்கு வரும் பணக்காரர்கள் மனித உருவ இயந்திரங்களைச் சுட்டார்கள், சீரழித்தார்கள். 2017 இறுதியில் வந்த ‘பிளாக் மிரர்’ தொடரின் ஒரு கதையில், உடன் வேலை செய்பவர்களின் மரபணுவைத் திருடி, அவர்களின் நகல்களைத் தன் கணினி விளையாட்டுக்குள் அடைத்து வதைக்கிறான் ஒருவன். வெளியே அவன் சாது; அலுவலகத்தில் அவமானப்படுபவன்.

இவற்றில் அந்த நகல்களுக்கும் இயந்திரங்களுக்கும் வலி உண்டு என்று கதையே காட்டிவிடுகிறது. வலிக்கும் ஒன்றை வதைப்பது வதைதான், அது எந்தப் பொருளால் ஆனது என்பது இரண்டாம் கேள்வி. சிக்கல், வலிக்கவே வலிக்காத ஒன்றை வதைக்கும்போது.

கனவைப் பற்றிய பழைய விவாதங்கள் இங்கே துணைக்கு வரும். பௌத்த விநயம், துறவிக்குக் கனவில் நேர்ந்ததைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது. விருப்பம் விழித்திருந்தால்தான் வினை என்பது அதன் அடிப்படை. புனித அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ பத்தாம் நூலில், உறக்கத்தில் நான் நானாக இல்லையா என்று கலங்கினார். வடக்கே மேடையேறிய அரிச்சந்திரன் நாடகத்தில் மன்னன் கனவில் நாட்டைத் தானம் கொடுக்கிறான். விழித்ததும் கொடுத்தது கொடுத்ததே என்று இறங்கிப்போகிறான். அவனிடம் எவரும் கேட்டிருக்க முடியாத கடனை அவனே தன்மேல் ஏற்றுக்கொண்டான்.

ஆனால் தெரிந்தே ஆடுபவர் உறங்கவில்லை. அவருடைய விருப்பம் முழுதாக விழித்திருக்கிறது. 2006இல் லண்டனில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் நடத்திய சோதனையில், திரைக்குள் இருந்த ஒரு கணினிப் பெண்ணுக்கு மின்னதிர்ச்சி தரும்படி சிலரிடம் சொன்னார்கள். அவள் வெறும் உருவம் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியும் அவர்கள் உடல் பதறியது, சிலர் நிறுத்திக்கொண்டார்கள். அறிவு பொய் என்று சொன்னதை உடல் ஏற்கவில்லை. துச்சாதனன் வேடக்காரர் ஏற்றும் சூடம் இந்தப் பதற்றத்துக்குத்தான் வழி திறக்கிறது. செய்வது நடிப்புத்தான், ஆனால் செய்கிற கை என்னுடையது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலோடு ஆடினால் ஆட்டம் மனிதனைக் கெடுக்காது. கேட்பாரில்லை என்ற நிம்மதிக்காகவே ஆடினால், வெஸ்ட்வேர்ல்டுக்குள் நல்லவனாக நுழைந்து கொடியவனாக ஊறிப்போன வில்லியத்தின் வழி அது.

அச்சைச் செய்தவர்

இதுவரை அகப்பட்டவர்களையே விசாரித்தோம். மாயையைக் கட்டியவரை இன்னும் கூண்டில் ஏற்றவில்லை.

விருத்தாசலத்துக்கு அருகில் உள்ள பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம், இதற்கு ஏற்ற ஓர் உவமையை வைத்திருக்கிறது. ஒரு குடம் உண்டாக மூன்று காரணம் வேண்டும்: மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சித்தாந்திக்கு மாயை என்றால் பொய் என்று பொருளில்லை. உலகம் உருவாகும் உள்பொருள் அது. அத்வைதி கனவுக்கு ஒரு தளம், நடைமுறைக்கு ஒரு தளம் என்று வகுத்து, விழிக்கும்வரை அந்தந்தத் தளத்தின் அறம் செல்லும் என்பார். இரு வழியிலும், மாயை என்ற சொல் யாருக்கும் விடுமுறை தருவதில்லை. மூன்று காரணங்களையும் வைத்துப் பார்த்தால், செய்விக்கும் கையை விட்டுவிட்டு மண்ணை மட்டும் குறைசொல்வது எவ்வளவு தவறு என்று விளங்கும்.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி கட்டளை. அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். 2010இல் பிரான்ஸ் 2 தொலைக்காட்சி, போலியான ஒரு போட்டி நிகழ்ச்சியை அரங்கேற்றி இதையே செய்துபார்த்தது. கட்டளையிட்டவர் விஞ்ஞானி அல்லர், புன்னகைக்கும் தொகுப்பாளினி. சுற்றிலும் உற்சாகமூட்டும் பார்வையாளர் கூட்டம். போட்டியாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கடைசி அதிர்ச்சிவரை போனார்கள்.

அவர்கள் கையில் விளக்கு இருந்தது. மறுத்திருக்கலாம், சிலர் மறுத்தார்கள். ஆகவே அவர்களுக்குப் பங்கு உண்டு. எனினும் அறையை அமைத்து, விளக்கை ஏற்றி, கூட்டத்தை உட்காரவைத்தவர்களின் பங்கு அதைவிடப் பெரிது. 2017 ஜூன் 25 அன்று விஜய் டிவியில் தொடங்கிய ‘பிக் பாஸ்’ தமிழையும் இந்த நிறையில் வைக்க வேண்டும். கைப்பேசி இல்லை, செய்தித்தாள் இல்லை, வெளி மனிதர் இல்லை. ஒரு குரல் இடும் பணிக்காக வீடு ஒருநாள் பள்ளிக்கூடம், ஒருநாள் ஹோட்டல். உள்ளே இருப்பவர்கள் பாத்திரங்களா மனிதர்களா என்று பார்ப்பவருக்கும் குழம்பும். அவர்கள் உதிர்த்த கடுஞ்சொல்லுக்கு அவர்கள் பொறுப்புத்தான். ஆனால் எந்த அச்சுக்குள் ஊற்றப்பட்டுச் சொன்னார்கள் என்று கேட்காமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரை அந்தச் சொல்லாலேயே அழைப்பது நீதியாகாது.

பாரதம் இந்தக் கணக்கை ஒரே காட்சியில் முடித்துவைக்கிறது. கடைசியில் தருமனுக்கு ஒரு மாய நரகம் காட்டப்படுகிறது. தம்பியரும் பாஞ்சாலியும் அங்கே அலறுவதைக் கேட்டவன், சொர்க்கம் வேண்டாம், இவர்களோடு இருக்கிறேன் என்று நின்றுவிடுகிறான். பிறகு நரகம் கலைகிறது. அசுவத்தாமன் பெயரால் துரோணரை ஏமாற்றியவன் அவன்; மாயையைக் கட்டிய குற்றத்துக்கு மாயையே தண்டனையாக வந்தது. அதே மாயைக்குள் அவன் எடுத்த முடிவு மட்டும் மெய்யாக நின்றது. நரகம் பொய், அங்கே தங்கத் துணிந்த அன்பு பொய்யில்லை.

பார்ப்பவர் பங்கு

இனி ‘சாப விமோசன’த்தின் இறுதிக்கு வருவோம். வனவாசம் முடிந்து வந்த சீதை அகலிகையிடம் நடந்ததையெல்லாம் சொல்கிறாள். தீக்குளித்ததையும் சொல்கிறாள். தன்னைக் கல்லிலிருந்து எழுப்பியவனா அப்படிக் கேட்டான் என்று அகலிகை அதிர்கிறாள். இராமனுக்கு உள்ளம் தெரியும்; உலகுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. அதைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள்.

உலகம் என்று அங்கே சொல்லப்படுவது நம்மைத்தான். நெருப்பை மூட்டச் சொன்னது பார்வையாளர் வரிசை. பிரான்சின் போலி அரங்கில் கைதட்டியதும், ஏமாந்தவரையும் ஏமாற்றியவரையும் பிரித்துப் பார்க்கப் பொறுமையின்றி உடனே தீர்ப்புக் கேட்பதும் அதே வரிசை. ஏமாந்தவரிடம் விளக்கு இருந்ததா என்று கேட்போம். மாற்றி வார்க்கப்பட்டவருக்குப் பழியை நீக்கிக் கடமையை நினைவூட்டுவோம். தெரிந்தே ஆடியவரிடம் அவர் கையைக் காட்டுவோம். அச்சைச் செய்தவரிடம் பெரும்பங்கைக் கேட்போம். அதோடு நம் பங்கையும் எடுத்துக்கொள்வோம்.

கூத்தில் துச்சாதனன் கும்பிட்டு முடித்ததும் சூடத்தட்டு சில நேரம் கூட்டத்தின் பக்கமும் வரும். பெரியவர்கள் ஒருவர் விடாமல் கை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சேலையைப் பற்றப்போகிறவர் ஒருவர்தான். அதைப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் நாம் எல்லாரும்.